ஒட்டுக்கு மேல் மண்

கீழ்வயலில் தக்காளி நட்டால் சாகும். காய்ந்து சாகாது, பழுத்துச் சாகாது, பச்சைப் பசேலென்று இருக்கும்போதே சாகும். காலையில் தளதளவென்று நிற்கிற செடி மத்தியானம் தலையைத் தொங்கப்போடும். சாயங்காலம் கொஞ்சம் நிமிர்ந்து ஆசை காட்டும். இரண்டு மூன்று நாளில் ஒரேயடியாகப் படுத்துவிடும். தண்ணீர் போதவில்லையோ என்று தண்ணீர் விட்டால் இன்னும் சீக்கிரம் சாகும். மண்ணில் குடியிருக்கிற ஒரு கிருமி வேர் வழியாக ஏறி, தண்டுக்குள் தண்ணீர் போகிற பாதையை அடைத்துவிடுகிறது. அதற்கு மருந்து கிடையாது. மருந்துக்கடைக்காரரைக் கேட்டால் மட்டும் உண்டு.

இதை அந்த வீட்டில் முதலில் புரிந்துகொண்டவள் டாக்டரம்மா. அவள் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. செடியைப் பிளேடால் அறுத்துக் கட்டுப்போட்டு, இருட்டறையில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டதால் தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. முதலில் அப்படிக் கூப்பிட்டது அவள் வீட்டுக்காரர்தான், அதுவும் கிண்டலுக்கு.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. கழுத்தளவு. தக்காளி நாற்றை அவர் கழுத்தளவு புதைப்பார். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, உச்சியில் ஒரு கொத்து மட்டும் வெளியே தெரிய, மீதியெல்லாம் மண்ணுக்குள். தக்காளித் தண்டு மண் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். செடி முழங்கால் உயரம் வந்ததும் மண்வெட்டியால் இரண்டு பக்கமும் மண்ணை இழுத்துத் தண்டோடு அணைத்துக் கொடுப்பார். அவர் நட்ட செடி எந்தக் காற்றுக்கும் சாய்ந்ததில்லை. சுற்றுவட்டாரத்து ஆள்கள் வந்து அவர் வரிசையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மனிதர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தப்பு என்று ஒன்று தன் பக்கமும் இருக்கக்கூடும் என்கிற எண்ணம் மட்டும் அவருக்குப் பிறந்ததிலிருந்து வந்தது கிடையாது. கதவில் தலை இடித்தால் நிலைப்படியின் தப்பு. சைக்கிள் சாய்ந்தால் சுவரின் தப்பு. கீழ்வயலில் அவர் கழுத்தளவு நட்ட செடிகள் வருஷத்துக்கு வருஷம் படுத்தபோது அது மண்ணின் தப்பு.

"மண்ணு செத்துப்போச்சு" என்று சொல்லிக் கீழ்வயலைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்.

அவருடைய அண்ணன் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். அண்ணனை எல்லோரும் பெரியவர் என்பார்கள். பெரிய தெருவில் சிமெண்டும் கம்பியும் விற்கிற கடை வைத்திருக்கிறார். சரக்கு இறக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு, சாலையை ஒட்டினாற்போல் இருக்கிற கீழ்வயலின் மேல் வெகுநாளாக ஒரு கண். வயல் அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரிலும் பொதுவாக இருந்தது. தம்பி சரி என்றால் அடுத்த வாரமே குடோனுக்கு அஸ்திவாரம் தோண்டிவிடுவார்.

டாக்டரம்மா இதைக் கேட்டதும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்னொரு வயல் இருக்கிறது, மேலே. ஆனால் அது வானம் பார்த்த பூமி. கிணறு இருப்பது கீழ்வயலில். அது போய்விட்டால் இவர்கள் செய்யும் விவசாயம் விவசாயமாக இருக்காது, பொழுதுபோக்காகத்தான் இருக்கும். பெரியவர் கடையில் மூட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன்னை அவள் ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். இரண்டாம் தடவை நினைக்க அவளுக்குத் தைரியமில்லை.

அவளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. நாற்றுப்பண்ணை நடத்தும் ஒரு பெண், அவளுக்கு நல்ல சிநேகிதி, சொல்லியிருந்தாள்: தக்காளியின் வேரில்தான் அந்தக் கிருமி ஏறுகிறது, காட்டுக்கத்தரியின் வேரை அது ஒன்றும் செய்வதில்லை. அதனால் கத்தரி நாற்றின் தலையை வெட்டிவிட்டு, அந்த அடித்தண்டின் மேல் தக்காளி நாற்றின் தலையை ஒட்டவைத்தால், மேலே தக்காளி காய்க்கும், கீழே கத்தரி வேர் காவல் இருக்கும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

செய்து பார்த்தால்தான் தெரிந்தது. கத்தரி மெதுவாக வளரும், தக்காளி ஓடும். இரண்டின் தண்டும் ஒரே பருமனாக இருக்கிற நாளில் வெட்டவேண்டும். இரண்டையும் சாய்வாக வெட்டி, வெட்டுவாயோடு வெட்டுவாய் சேர்த்து, சைக்கிள் வால்வு டியூபைச் சின்னச் சின்னதாக நறுக்கி அதை மேலே மாட்டி இறுக்கவேண்டும். பிறகு காயம் ஆறும் வரை வெளிச்சமும் காற்றும் படாத ஈரமான இடத்தில் வைக்கவேண்டும். அந்த வீட்டில் வெளிச்சமும் காற்றும் படாத ஈரமான இடம் ஒன்றே ஒன்றுதான், குளியலறை. டாக்டரம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலைத் துணியால் அடைத்தாள். தரையெல்லாம் நாற்றுத் தட்டுகள். வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்.

"நோயாளி எல்லாம் நல்லா குளிக்கிறாங்களா, டாக்டரம்மா?" என்று போகிற போக்கில் கேட்பார்.

முதல் தடவை ஈரம் அதிகமாகி எல்லாம் அழுகிப்போயின. அடுத்த தடவை ஈரம் குறைந்து எல்லாம் சுருண்டன. அதற்கடுத்த தடவை பொறுக்கமாட்டாமல் சீக்கிரம் வெயிலில் எடுத்துவைத்தாள், மத்தியானத்துக்குள் தலைகள் எல்லாம் கழன்று தட்டில் கிடந்தன. தலை வேறு உடம்பு வேறாகக் கிடந்த நாற்றுகளைப் பார்த்து அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் வெளியே நின்று, "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அவர் மேல் செம்பை விட்டெறியலாம்போல் இருந்தது.

கடைசியில் ஒரு தொகுதி பிழைத்தது. தட்டுத் தட்டாகத் தலை நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர் அண்ணனிடம் போய்ப் பேசினார். அவள் நாலு மாதமாகக் காதைக் கடித்ததற்குக் கிடைத்த பலன் அது.

"இந்த ஒரு தடவை அவ செடியை நட்டுப் பாக்கட்டும்ணே. காய் வந்தா வயலை விட்டுடு. செடி தானா செத்துச்சுன்னா நீ குடோன் கட்டிக்கோ, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

பெரியவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். தம்பி நட்டே வராத மண்ணில் யார் நட்டு என்ன வரப்போகிறது என்று அவர் நினைத்திருப்பார்.

நடவு நாளில் டாக்டரம்மா வரிசைக்கு வரிசை குனிந்து குனிந்து ஓடினாள். நடவுக்கு வந்த பெண்கள் எல்லோரும் கழுத்தளவுக்காரரிடம் தொழில் கற்றவர்கள். அவர்கள் கை தானாகவே நாற்றை ஆழத்தில் அமுக்கும்.

"ஒட்டு மண்ணுக்கு மேல தெரியணும், அக்கா. ரெண்டு விரல் மேல. இந்த டியூப் தெரியுது பாருங்க, இதுல மண்ணு படவே கூடாது."

"இப்படி மேலாக்க நட்டா நிக்குமா?" என்றாள் ஒருத்தி.

"நிக்காது" என்றார் வீட்டுக்காரர், வரப்பிலிருந்து. "காத்து வந்து கையோட கூட்டிட்டுப் போயிடும்."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருந்தார். ஆனால் ஒவ்வொரு நாற்றும் குழிக்குள் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, யாரோ அவருடைய வேட்டியை உருவுகிற மாதிரி நெளிந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தாங்கமுடியாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்று விட்டு ஒரு வரிசையில் அவள் ஒட்டுப் போடாத சாதாரணத் தக்காளியை நட்டிருந்தாள். அவை செத்து இவை பிழைத்தால்தானே ஒட்டினால் பிழைத்தது என்று சொல்லமுடியும். அவள் நினைத்தபடியே சாதாரண வரிசைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டன. தன் வயலில் செடி சாவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட விவசாயி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பக்கத்து வயல்காரர் அவளிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஒட்டு வரிசைகள் மட்டும் கம்பீரமாக நின்றன. கிளை விட்டன, மொட்டு வைத்தன, பூத்தன.

வீட்டுக்காரர் வர ஆரம்பித்தார். முதலில் மோட்டாரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். அடுத்த நாள் கயிறு தேடி வந்தார். அப்புறம் சாக்குச் சொல்வதையும் விட்டுவிட்டார். சும்மா வந்து நின்று பார்ப்பார். ஒரு நாள் ஒரு பூங்கொத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியமில்லை. டாக்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. அன்றைக்கு முழுக்க அவள் நடையே வேறு மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. கூட இருக்க வேறு ஆள் கிடையாது. போனாள். ஒரு கண் என்று போனது இரண்டு கண் என்று ஆகி, திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தினமும் போனில் கேட்பாள்.

"செடி எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு. நீ வந்து பாரு, அசந்துடுவே."

குரலில் ஒரு குழைவு இருந்தது. செடி நன்றாக வந்ததில் அவருக்கும் பெருமைதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்படித்தான் அது இருந்தது, பாவம். அதுதான் கொடுமை.

ஊரிலிருந்து வந்தவள் பையை வாசலில் வைத்துவிட்டு நேராகக் கீழ்வயலுக்குப் போனாள். தூரத்திலிருந்தே செடிகள் தெரிந்தன. இடுப்பு உயரம், கருகருவென்று இலை, பச்சைக் காய்கள். கிட்டே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிசைக்கு வரிசை இரண்டு பக்கமும் மண் இழுத்து, தண்டோடு அணைத்து, மேல்பக்கம் தட்டி விட்டிருந்தது. நூல் பிடித்த மாதிரி அணைப்பு. அவ்வளவு அழகாக அந்த வட்டாரத்தில் ஒரே ஒருத்தரால்தான் அணைக்கமுடியும். வால்வு டியூப் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லா ஒட்டும் ஒரு சாண் மண்ணுக்கு அடியில் இருந்தது.

அவர் பின்னாலேயே வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி?" என்றார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"மண்ணு அணைச்சேன். யாரையும் விடல, எல்லா வரிசையும் நானே. முதுகு போச்சு."

"ஒட்டுல மண்ணு படக்கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே."

"அது நடும்போது சொன்னே. நட்டு எவ்வளவு நாளாச்சு, வேர் பிடிச்சு, காயே வந்தாச்சு. இன்னுமா அணைக்காம விடுவாங்க?"

அவள் நடவைப் பற்றித்தான் சொன்னாள், உண்மைதான். பிற்பாடு அணைக்கக்கூடாது என்று தனியாகச் சொல்லவில்லை. வயலில் கையே வைக்காமல் நின்று பார்த்துவிட்டுப் போனவரிடம் அதையும் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் அந்த நிமிஷம் நியாயம் பேசுகிற நிலையில் அவள் இல்லை. வாய்க்கு வந்தது வந்துவிட்டது.

"உங்க அண்ணன் சொல்லிக் கொடுத்தாரா?"

அவர் சிரிப்பு போய்விட்டது. கன்னத்தில் அடி வாங்கியவர் மாதிரி நின்றார்.

"தினமும் வந்து பாத்தேன். இவ்வளவு நல்லா வந்திருக்கே, நம்ம பங்குக்கு ஒண்ணும் பண்ணலையேன்னு இருந்துச்சு. சும்மா நிக்க முடியல. அவ்வளவுதான்."

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணை வாரிப் போட ஆரம்பித்தாள். முதல் செடியில் மண்ணை விலக்கியதுமே தெரிந்துவிட்டது. ஒட்டுக்கு மேலே, தக்காளித் தண்டிலிருந்து, வெள்ளை வெளேரென்று புது வேர்கள் தாடி மாதிரி இறங்கியிருந்தன. கிருமி இருக்கிற மண்ணுக்குள், நேராக. கத்தரி வேரின் காவலுக்கு இனி வேலையில்லை. வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே இன்னொரு வாசல் வைத்த கதை.

நாற்றுப்பண்ணைக்காரிக்குப் போன் போட்டாள்.

"வேர் இறங்கிடுச்சா?" என்றாள் அவள். "இறங்கியிருந்தா கஷ்டம்டி. வெட்டினா வெட்டின காயம் வழியா ஏறும். வெட்டாட்டி வேர் வழியாவே ஏறும்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

அவள் வெட்டினாள். எதையாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. இரண்டு நாள் வரிசை வரிசையாக மண்ணை விலக்கி, வேர்களைப் பிளேடால் சுரண்டிக்கொண்டே போனாள். வீட்டுக்காரரும் எதிர் வரிசையில் குந்தி உட்கார்ந்து மண்ணை விலக்கினார். அவர் ஆசை ஆசையாக அணைத்த மண்ணை அவரே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை.

அந்த வார முடிவிலேயே முதல் செடி தலையைத் தொங்கப்போட்டது. அதன்பின் வரிசையாக விழுந்தன. காயோடு விழுந்தன. அவளுக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சாப்பிடும்போது எரிச்சல், குளிக்கும்போது எரிச்சல். அந்தக் குளியலறையைப் பார்த்தாலே எரிச்சல். வேலை பலிக்காமல் போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். பலித்துவிட்டு, கையில் வந்துவிட்டு, ஒரு நல்ல மனசால் கெட்டுப்போனதை எங்கே கொண்டுபோய் வைப்பது? வேண்டுமென்றே கெடுத்திருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம்.

செய்தி பெரியவருக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? இரண்டு ஆட்களையும் அளக்கிற டேப்பையும் கூட்டிக்கொண்டு ஒரு காலை நேரத்தில் வந்து இறங்கினார். வாடிக் கிடந்த வரிசைகளைப் பார்த்து உச்சுக் கொட்டினார். மனிதர் கெட்டவர் இல்லை. அவளிடம் தன்மையாகத்தான் பேசினார்.

"விடும்மா. உன்னால ஆனதை நீ பண்ணிட்டே. மண்ணு அப்படி. இவன் நட்டே வராதது, நீ நட்டா வந்துடுமா? மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

டாக்டரம்மா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் சொன்னால் அதன் கதி என்ன என்று அவளுக்குத் தெரியும். தன் செடி செத்ததற்குப் புருஷனைக் கைகாட்டுகிறாள் என்று ஊர் முழுக்கப் பேசும், பெரியவர் அதையும் தன்மையாகக் கேட்டுக்கொள்வார். வீட்டுக்காரர்தான் சொல்லவேண்டும். அவர் எங்கே சொல்லப்போகிறார்? நிலைப்படி மேல் பழி போடுகிறவர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆட்கள் டேப்பின் ஒரு முனையைக் கிணற்றோரம் பிடித்தார்கள்.

"மண்ணு மேல தப்பு இல்லண்ணே" என்றார் அவர்.

"அப்புறம் யார் மேல?"

"நான் மண்ணு அணைச்சேன். அதனாலதான் செத்துச்சு."

பெரியவர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். டேப் பிடித்தவர்களும் சிரித்தார்கள்.

"மண்ணு அணைச்சா தக்காளி சாகுமா? ஏண்டா, அப்பா காலத்துல இருந்து அணைச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்? பொண்டாட்டியைக் காப்பாத்தணும்னா வேற ஏதாவது சொல்லு. மாடு மேஞ்சிடுச்சுன்னு சொல்லு, நம்பறேன். இதை மட்டும் வெளியில சொல்லிடாதே, உன் பேரு கெட்டுடும்."

உண்மையைச் சொல்லி அவமானப்படத் துணிந்த மனிதருக்கு, அவமானம்கூடக் கிடைக்கவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் பொய் சொல்லலண்ணே. இது வேற செடி. மேல தக்காளி, கீழ கத்தரி. கத்தரி வேரை அந்தக் கிருமி தொடாது. தக்காளித் தண்டு மண்ணைத் தொடவே கூடாது, தொட்டா அது சொந்தமா வேர் விட்டுடும். அப்புறம் ஒட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்? கிருமி நேரா மேல ஏறிடும், தண்ணி போற பாதையை அடைச்சிடும். நான்தான் அந்தத் தண்டுல மண்ணை ஏத்தினேன்."

டாக்டரம்மா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக அவள் சுவரோடு பேசுகிற மாதிரி பேசிய பேச்சு. ஒரு வார்த்தைகூடக் கீழே சிந்தாமல் எல்லாம் அவர் காதுக்குள் போயிருந்தது.

அவர் செத்த செடி ஒன்றை வேரோடு பிடுங்கினார். மண்ணை உதறி அண்ணன் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மேல பாரு. இந்தத் தாடி எல்லாம் தக்காளி வேர், அழுகிப்போச்சு. கீழ பாரு, கத்தரி வேர். எப்படி இருக்கு? குத்துக்கல்லு மாதிரி இருக்கு. இன்னும் நம்பிக்கை வரலைன்னா வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வயலின் கோடிக்குப் போனார். அங்கே தண்ணீர்க் குழாயின் வால்வுக்காகச் சின்னதாக ஒரு சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தது. அதைச் சுற்றி மண்வெட்டி போட இடமில்லை. அணைப்பு அந்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. தொட்டியோரம் ஐந்து செடிகள் நின்றன. ஒட்டு வெளியே தெரிய, டியூப் வெயிலில் வெளுத்து, மேலே கைக்கு அடங்காத காய்கள்.

"இது அஞ்சும் நான் தொடாதது" என்றார். "நான் தொட்டதெல்லாம் செத்துச்சு. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

பெரியவர் சிரிப்பை நிறுத்தினார். செடிகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். நம்பினாரா என்பது தெரியவில்லை. நம்புவதில் அவருக்கு லாபம் எதுவும் இல்லை.

"சரிடா. நீதான் கொன்னே. ஆனா வாக்கு கொடுத்தியே."

"செடி தானா செத்தா குறுக்க நிக்க மாட்டேன்னு கொடுத்தேன். இது தானா சாகல."

"இப்ப குறுக்க நிக்கறே."

"நிக்கறேன்."

"அஞ்சு செடிக்காக?"

பெரியவர் ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். டேப் சுருண்டது. போகும்போது தம்பியிடம், "இனிமே எதுக்காகவும் என் கடை வாசலுக்கு வந்துடாதே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, "சந்தோஷமாம்மா?" என்றார்.

அவள் சந்தோஷமாக இல்லை. வயல் கையில் நின்றுவிட்டது, அதற்காகத்தான் இத்தனை பாடு. ஆனால் இப்படி நிற்கவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இரண்டு பேரும். ஒருவர் சாலையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார், இன்னொருவர் வால்வுத் தொட்டிமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

அவர்தான் ஆரம்பித்தார்.

"விடு, அவன் கொஞ்ச நாள்ல சரியாயிடுவான். நாம அடுத்ததைப் பாப்போம். இந்தத் தடவை நாத்து நான் போடறேன். கத்தரியை முன்னாடியே போட்டுடுவோம், சரியா? குளியலறை பத்தாது, பின்னாடி ஒரு தடுப்பு கட்டிக்கலாம். செடி நல்ல வீரியமா இருக்கணும், அதுதான் முக்கியம்."

பேச்சு சுவாரஸ்யத்தில் அவர் தொட்டியிலிருந்து இறங்கிக் குந்தி உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளில் அவளுடைய செடியைப் பற்றிப் பேசும்போது அவர் 'நாம' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தாள்.

அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ஐந்து செடிகளில் ஒன்றின் அடியில், உதிரி மண்ணை விரலால் கூட்டி, தண்டோரம் சேர்த்து, உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி, இன்னும் கொஞ்சம் கூட்டி. மண் ஒட்டை எட்டியிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது அவளை. அடுத்த நடவைப் பற்றி ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்க" என்றாள்.

"ம்?"

"கை."

அவர் குனிந்து பார்த்தார். கை நெருப்பில் பட்ட மாதிரி பின்வாங்கியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பதுபோல. இந்தத் தடவை பழி போட நிலைப்படியும் இல்லை, சுவரும் இல்லை.

அவள் உட்கார்ந்து அந்த மண்ணை விலக்கினாள். வேர் எதுவும் இறங்கவில்லை, இப்போதுதானே பட்டது. விலக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்த நடவுல காய் பறிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க இந்த வயல்ல இறங்கக்கூடாது."

"இப்பத்தான் இந்த வயலுக்காக எங்க அண்ணனையே..."

"தெரியும்."

"எனக்கு வேற என்ன தெரியும்? இது ஒண்ணுதானே தெரியும்."

"அதனாலதான் சொல்றேன்."

அவர் அந்தச் செடிகளைப் பார்த்தார்.

"வரப்புல நிக்கலாமா?" என்று கேட்டார்.

"நிக்கலாம். கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க."

அவள் பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். வாடிய வரிசைகளுக்கு நடுவே எதையும் மிதிக்காமல் நடந்து, வரப்பில் ஏறி, வயலைப் பார்த்துத் திரும்பி நின்றார். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.